கறுப்பு பொனட்டில் மூன்று கோடு

கறுப்புக் கார் வாங்குகிறவனுக்கு நிம்மதி கிடையாது என்று கிறேஸ் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் காரில் ஒரு வாரத் தூசு படிந்தாலும் அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. கறுப்பில் ஒருவன் கிட்டப் போய்ப் பெருமூச்சு விட்டாலே தெரிந்துவிடும். இன்ஷூரன்ஸ் கம்பனிக்காக நசுங்கிய வாகனங்களை மதிப்பிட்டே தலை நரைத்தவள் அவள். ஓய்வு பெற்ற கையோடு கண்டி மணிக்கூண்டுக்குக் கிட்ட, ஒரு பார்மசியின் மேல்மாடியில் 'தனியார் விசாரணை' என்று போர்டு மாட்டினாள். இனி ஆட்களைத்தான் விசாரிப்பது, கார்களைப் பார்ப்பதில்லை என்று சபதமும் எடுத்திருந்தாள். சபதம் எட்டு மாதம் தாக்குப்பிடித்தது. அந்தத் திங்கட்கிழமை காலை கூப்பிட்டது சொந்தத் தம்பி என்பதால், அவள் மறுபேச்சுப் பேசாமல் புறப்பட்டுவிட்டாள்.

தம்பி எஸ்ரனுக்குக் கட்டுகஸ்தோட்டையில் கார் கழுவிப் பொலிஷ் போடும் கடை. உள்ளே வரிசையாக டியூப் லைட். அதன் கீழே, ஷோரூமிலிருந்து வந்து ஒரு வாரம் கூட ஆகாத கறுப்புக் கார் ஒன்று நின்றது. சுற்றுமுற்றும் ஒரு குறை சொல்ல முடியாது. பொனட்டின் நடுவில் மட்டும் மூன்று விபூதிக் கோடுகள். அவற்றைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மினுக்கம் செத்துப்போய்க் கிடந்தது.

"துடைச்சா போயிடுமே," என்றாள் கிறேஸ்.

"போகலியே மிஸ்," என்றார் காரின் சொந்தக்காரர் ஜனார்த்தனன். வத்தேகமயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். "துடைச்சுப் பார்த்தாச்சு, கழுவிப் பார்த்தாச்சு. இனிப் பெயின்டையே சுரண்டி எடுத்துத் திரும்ப அடிக்கணுமாம். புதுக் காருக்கு ரீபெயின்ட். ஊர்ல நாலு பேர் கேட்டா நான் என்னாங்க சொல்றது?"

கிறேஸின் பின்னால் நின்ற ருஷ்தி தலையை நீட்டி எட்டிப் பார்த்தான். அக்குறணைக்காரன், முப்பது வயது, அவளுடைய உதவியாளன். அவளை ஏற்றித் திரியும் த்ரீவீலும் அவனுடையதுதான். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

"சேர், அப்படி என்ன மருந்து பூசினீங்க? எண்ட மொகத்துக்கு அதைப் பூசி ஈந்தா இன்னேரம் எனக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு புள்ள ஈந்திருக்கும்."

"செரமிக் கோட்," என்றான் எஸ்ரன் சிரிக்காமல். "கண்ணாடி மாதிரி ஒரு படலம். பெயின்டுக்கு மேல பூசினா வெயில், மழை, காக்கா எச்சம் ஒண்ணும் பிடிக்காது. சனிக்கிழமை சதீஸ்தான் பூசினான்."

சதீஸ் பன்விலக்காரன். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, பதினேழு வயதில் இந்தக் கடைக்குத் தண்ணீர் அடிக்க வந்தவன். இன்றைக்குக் கண்டியில் கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள் எஸ்ரனின் கடையைத் தேடி வருவதே சதீஸின் கைக்காகத்தான். அந்தக் கைக்கு டோஹாவிலிருந்து ஒரு கடைக்காரன் வேலை கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமைதான் சதீஸ் வந்து சொன்னானாம், போகிறேன் என்று.

நடந்ததை எஸ்ரன் ஒழுங்காகச் சொன்னான். சனிக்கிழமை பகல் சதீஸ் காரைப் பூசத் தொடங்கினான். பொனட்டைக் கடைசியாகப் பூசி மூன்று மணிக்கு முடித்தான். உடனே பன்வில பஸ்ஸுக்குக் கிளம்பினான். "நானே கேட் வரைக்கும் போய் அனுப்பி வச்சேன் அக்கா. பிறகு ஆறு மணி வரைக்கும் ஒபிஸ்ல இருந்துட்டுப் பூட்டிட்டுப் போனேன்." ஞாயிறு கடை மூடல். இன்றைக்குக் காலை ஜனார்த்தனன் முன்னால் காரை மூடியிருந்த துணியை விலக்கினால் இந்தக் கோலம்.

"சதீஸ்னு எதை வச்சுச் சொல்ற?"

"வேலை முடிஞ்ச காருக்கு விபூதி வைக்கிறது அவன் பழக்கம். டயர்ல வைப்பான். சனிக்கிழமை அவசரத்துல மறந்திருப்பான். கடைப் பூட்டுக்கு அவன்கிட்டயும் ஒரு திறப்பு இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து வச்சிருக்கான். கறை போகலன்னதும் பயந்து தேய்ச்சிருக்கான்."

"பயந்தும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றார் ஜனார்த்தனன். "எங்க கோயில்ல பூசை போடுற வரைக்கும் யாரும் எதுவும் வைக்கக்கூடாதுன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். வெளிநாடு போறோங்கிற திமிருல வேணும்னே செஞ்சிருக்கான். நேரா பொலிசுக்குத்தான் போகப் பார்த்தேன். உங்க தம்பி மறிச்சாரு, அக்கா வந்து பார்த்து எழுதித் தரட்டும்னு. மூணு மணி வரைக்கும் பொறுப்பேன் மிஸ். நீங்க எழுதுற பேரைக் கொண்டுபோய்க் குடுப்பேன்."

கிறேஸ் போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக் கோடுகளைப் பார்த்தாள். நகத்தால் வருடினாள். மேடு பள்ளம் தட்டவில்லை. மேல் கோடு நீளம், நடுக் கோடு கட்டை, கீழ்க் கோடு வலப்பக்கம் சரிந்து ஓடியது. ஒவ்வொன்றும் தொடங்குகிற இடத்தில் தடித்து, போகப்போக மெலிந்தது. ருஷ்தியிடம் படம் எடுக்கச் சொன்னாள்.

"அக்கா, நீ அவனோட பேசிட்டு வா. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ எழுதினா மறுபேச்சு இல்ல," என்று எஸ்ரன் அவளுடைய கையைப் பிடித்தான். அப்பா சுவக்கின் இறந்தபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அவன் படித்த படிப்பு, கட்டிய கல்யாணம், திறந்த கடை எல்லாவற்றிலும் அவளுடைய வியர்வை இருந்தது. ஒரு தாய் பிள்ளையை நம்புகிற மாதிரி அவனை நம்பினாள்.

வத்தேகம தாண்டிப் பன்வில ஏறும்வரை ருஷ்தியின் வாய் ஓயவில்லை. "மிஸ், இந்தக் கேஸ்ல மவுத்தும் இல்ல, ரத்தமும் இல்ல. வெளியில செல்லவே வெக்கமா ஈக்கி. கேட்டா ஒரு கொலை எண்டு செல்றன். மவுத்தானது ஒரு பொனட்."

"ஒரு ஆளோட பிழைப்புப் போகப் போகுது. ஒழுங்கா ஓட்டு."

சதீஸ் லயத்து வாசலிலேயே நின்றிருந்தான். மனைவி சர்மிளா இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டு, கேட்காமலே ஒரு கறுப்புத் தட்டில் பிளேன்டீ கொண்டுவந்தாள். மறு கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே பாஸ்போர்ட், டோஹாக் கடிதம், குற்றம் எதுவும் இல்லை என்கிற பொலிஸ் ரிப்போர்ட்டுக்கு விண்ணப்பித்த துண்டு.

"புதன்கிழமை ரிப்போர்ட் கையில இருக்கணுங்க," என்றாள் சர்மிளா. "இவரு பேர்ல ஒரு முறைப்பாடு விழுந்தாலும் அது வராது. அந்தக் கடைக்காரங்க வேற ஆளை எடுத்துருவாங்க. மூணு வருஷமா இதுக்குத்தான் ஓடுனோம்."

கிறேஸ் போனை நீட்டினாள். வேறொருவனாக இருந்தால் முதலில் 'நான் இல்லை' என்று அலறியிருப்பான். சதீஸ் படத்தைப் பெரிதாக்கி, வைத்தியர் புண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"ஐயோ, யாருங்க இப்படித் தேய்ச்சது? காஞ்ச துணியால தேய்ச்சிருக்காங்க. பெயின்டெல்லாம் கீறிப்போச்சு." கொஞ்சம் பொறுத்து, "மிஸ், விபூதி மேல இல்ல. அந்தச் செரமிக் கோட்டுக்குள்ள இருக்கு," என்றான்.

"அப்படின்னா?"

"பூசி ரெண்டு மூணு மணி நேரத்துக்கு அது பசை மாதிரி இருக்கும். ஒரு கொசு வந்து குந்தினாக்கூட அதுக்குள்ளேயே மாட்டிக்கும். பிறகு இறுகிடும். இறுகின பிறகு விபூதிய அள்ளிக் கொட்டினாலும் ஊதினா பறந்துடும். நான் டயர்ல வைக்கிறதே அதுக்குத்தாங்க. சாம்பல் பெயின்டைக் கீறும். சாமியை நினைச்சா போதும், பெயின்ட்ல வைக்கணும்னு இல்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை வச்சிருந்தா?"

"ஒட்டியே இருக்காது."

கிறேஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அப்படியானால் இது சனிக்கிழமை வேலை. மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில். அந்த நேரம் சதீஸ் பஸ்ஸில் இருந்தான். அதற்குச் சாட்சி அவளுடைய தம்பியேதான்.

"சதீஸ், நெத்தியில வைக்கிற மாதிரி விபூதி எடுத்து இந்தத் தட்டுல போட்டுக் காட்டுங்க."

அவன் சுவாமி படத்தின் கீழிருந்த கிண்ணத்தில் மூன்று விரல்களையும் சேர்த்துத் தொட்டு, கறுப்புத் தட்டின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தான். மூன்று கோடுகளும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிந்தன. இடைவெளி அளந்து வைத்தது போல இருந்தது. படத்தில் இருந்த கோணல் கோடுகளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"இவர் கை இல்ல," என்றாள் கிறேஸ். சர்மிளா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"எஸ்ரன் சேர்கிட்டயும் சொல்லிருங்க மிஸ்," என்றான் சதீஸ். "அவரும் எனக்காகப் பாடுபடுறாரு. காலைல கோல் எடுத்தாரு. நீ டோஹா போகாம இருந்தா ஜனார்த்தனன் முதலாளிகிட்டப் பேசி எப்படியாவது முடிச்சுத் தாறேன்னாரு. அந்த மனசு யாருக்கு வரும்?"

'போகாம இருந்தா' என்ற வார்த்தையைக் கிறேஸ் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள். "சனிக்கிழமை பின்னேரம் கடைக்கு யாராவது வர இருந்தாங்களா?" என்றுதான் கேட்டாள்.

"ஜனார்த்தனன் முதலாளி நாலு மணிக்கு வந்து பார்க்கிறேன்னு சொல்லியிருந்தாரு."

அவ்வளவுதான். கிறேஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஜனார்த்தனன் வந்திருக்கிறார், நல்ல நேரம் பார்த்து விபூதி வைத்திருக்கிறார், அது ஒட்டிக்கொண்டதும் தேய்த்துக் கெடுத்திருக்கிறார், வெட்கத்தில் ஏழையின் தலையில் பழியைப் போடுகிறார். சதீஸையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள்.

"நல்லாத்தான் ஈக்கி," என்றான் ருஷ்தி கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி. "ஒரு சின்ன விஷயம் மிஸ். ஆறு மணி வரைக்கும் உங்கட தம்பி ஒபிஸ்ல ஈந்தாரே. இவ்வளவு பெரிய மனுஷன் வந்து போனது அவருக்குத் தெரியாதா?"

"போன்ல பேசிட்டு இருந்திருப்பான்."

"மூணு மணித்தியாலமுமா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு, ருஷ்தி."

வேறு யாருடைய தம்பியாக இருந்தாலும் அந்தக் கேள்வியை முதலில் அவளே கேட்டிருப்பாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அந்த ஒரு இடத்தில் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

கடைக்குத் திரும்பும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. பின்பக்கம் விபத்துக் காரிலிருந்து கழற்றிய பழைய கறுப்பு பொனட் ஒன்று கிடந்தது. அதைத் தூக்கி மேசைமேல் வைக்கச் சொன்னாள். சதீஸின் அலுமாரியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சதீஸ் வாசலோடு நின்றுகொண்டான்.

"ஜனார்த்தனன், நீங்க சனிக்கிழமை நாலு மணிக்கு இங்க வந்தீங்களா?"

"வரல்ல. வரத்தான் இருந்தேன். காயணும், துணி போட்டு மூடியாச்சு, திங்கட்கிழமை வாங்கன்னு உங்க தம்பி கோல் எடுத்தாரு. ஏன்?"

கிறேஸ் எஸ்ரன் பக்கம் திரும்பவில்லை. "இதுல விபூதி போட்டுக் காட்டுங்க," என்றாள்.

"என்னா மிஸ் இது, என்னையா சந்தேகப்படுறீங்க?" முணுமுணுத்துக்கொண்டே அவர் மூன்று விரல்களைச் சேர்த்துத் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்தார். ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாக முடிந்து, இடைவெளி பிசகாத மூன்று கோடுகள். அச்சாகச் சதீஸ் போட்டதைப் போலவே இருந்தன. "பிறந்ததுல இருந்து இப்படித்தான் வைக்கிறோம். இதுல என்னா கிடக்கு?"

கிறேஸ் படத்தையும் பொனட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒத்துவரவில்லை. அவள் கட்டி வைத்த கதை அந்த மூன்று கோடுகளோடு இடிந்து விழுந்தது.

"அது அவசரத்துல வச்சது அக்கா," என்று எஸ்ரன் முன்னால் வந்தான். அக்கா தடுமாறுவது அவனுக்குப் பொறுக்கவில்லை போலும். "அவசரத்துல கை அப்படி இப்படித்தான் போகும். இந்தா, இப்படி."

கட்டை விரலை விபூதியில் தொட்டான். மேலே ஒரு கோடு இழுத்தான். மறுபடி தொட்டான். நடுவில் ஒரு கோடு, அது கட்டையாக முடிந்தது. மறுபடி தொட்டான். கீழே ஒரு கோடு. அது வலப்பக்கம் சரிந்து ஓடியது.

ருஷ்தி போனை எடுத்துக்கொண்டு போய்ப் பொனட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டையும் பார்க்க ஜனார்த்தனனுக்குக் கண்ணாடி கூடத் தேவைப்படவில்லை.

கிறேஸுக்கு அந்தக் கட்டை விரலைத் தெரியும். விபூதிப் புதனன்று மாதா கோயிலில் ஃபாதர் கட்டை விரலால் சாம்பலைத் தொட்டு நெற்றியில் ஒரு கோடு போடுவார், பிறகு குறுக்கே இன்னொன்று. அவளும் எஸ்ரனும் சாம்பல் என்றால் கட்டை விரல் என்றுதான் வளர்ந்தார்கள். மூன்று விரலைச் சேர்த்து இழுக்கிற பழக்கம் அந்த வீட்டில் எந்தக் கைக்கும் இல்லை.

"ஏன்டா?" என்றாள்.

எஸ்ரன் விரலைத் துடைக்கத் துணி தேடினான். கிடைக்காமல் கால்சட்டையில் துடைத்தான்.

"துடைச்சா போயிடும்னு நினைச்சேன் அக்கா. சத்தியமா. ஜனார்த்தனன் ரெண்டு சத்தம் போடுவாரு, பொலிசுன்னு மிரட்டுவாரு. நான் நடுவுல நின்னு பேசி முடிச்சா சதீஸ் போகாம நின்னுடுவான். அவ்வளவுதான் நினைச்சேன். பூட்டப் போறப்ப, போகுதான்னு துடைச்சுப் பார்த்தேன், போகல. தேய்ச்சேன், இன்னும் மோசமாப் போச்சு."

"பதினாலு வருஷம் கடை வச்சிருக்க. அது எவ்வளவு நேரத்துல காயும்னு உனக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் சதீஸ்தானே பார்ப்பான்," என்றான் எஸ்ரன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. "அவன் போனா இந்தக் கடையில என்ன இருக்கு அக்கா? ஒரு பைப்பும் நானும்தான் மிச்சம்."

சதீஸ் வாசலிலிருந்து இரண்டு அடி உள்ளே வந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பது சுலபமாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்கல்ல சேர். உங்களைத் தனியா விட்டுட்டுப் போறமேன்னு. ஒரு வருஷம் தள்ளிப் போட முடியுமான்னு டோஹாவுக்குக் கேட்டுப் பார்க்கச் சொல்லி சர்மிளாகிட்டச் சொன்னேன். அவ அதுக்கும் சரின்னா." மேசைமேல் பிரிந்து கிடந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்து மடித்தான். "எங்க சாமி விபூதியை எடுத்தா சேர் என்மேல பழி போட்டீங்க? இருந்துடுன்னு என்கிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

ஜனார்த்தனன் கார்த் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "மிஸ், மூணாகப் போகுது. எழுதுறீங்களா, நானே போய்ச் சொல்லட்டுமா?" என்றார்.

கிறேஸ் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். எஸ்ரன் அவள் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"அக்கா, பொனட்டை நான் மாத்திக் குடுக்கிறேன். சதீஸ் கால்ல வேணும்னாலும் விழுறேன். பேரை மட்டும் எழுதாத. யாரோ தெரியாத ஆள்னு போட்டுடு."

"ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தக் கண்டியில எத்தனை பேர் இருக்காங்க. அப்படியிருந்தும் என்னை ஏன் கூப்பிட்ட?"

அவன் கால்சட்டையில் ஒட்டியிருந்த விபூதியைத் தட்டினான். அவள் விடவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ எல்லாரையும் சந்தேகப்படுவ," என்றான் கடைசியில். "என்னை மட்டும் பட மாட்டன்னு தெரியும்."

ஏழு வயதில் அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் சொன்னான் அதை. நாற்பது வருஷப் பாசத்தை அவன் எடை போட்டுப் பார்த்து, எது எங்கே உதவும் என்று கணித்துத்தான் அந்தப் போனை எடுத்திருக்கிறான். கிறேஸுக்கு அவன் செய்த குற்றத்தை விட இது வலித்தது. வலி முகத்தில் தெரிந்தது, அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

"ருஷ்தி, விசாரணைப் போமை எடு. எழுது."

ருஷ்தி எழுதினான். வாகன இலக்கம், சேதத்தின் விபரம், சேதம் நடந்த நேரம் சனிக்கிழமை பிற்பகல் மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில், சதீஸுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. சேதம் செய்தவரின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"சுவக்கின் எஸ்ரன்," என்றாள் கிறேஸ்.

அவன் எழுதினான். பிறகு தலையைச் சொறிந்தான். காலையிலிருந்து ஓயாத அந்த வாயில் இப்போது ஒரு பகிடி கூட இல்லை.

"மிஸ், கீழ ஒரு கட்டம் ஈக்கி. விசாரணை செஞ்சவருக்கு இவர் என்ன உறவு எண்டு. வெறுமையா விட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

எஸ்ரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

"வெறுமையா விடாத," என்றாள் கிறேஸ். "கூடப் பிறந்த தம்பின்னு எழுது."

எழுதி முடித்ததும் தாளை வாங்கினாள். அடியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜனார்த்தனன் கொண்டுபோகுமுன் சதீஸ் படிக்கட்டும் என்று அதை அவன் கையில் கொடுத்தாள்.